ஹுமாயூன் கல்லறையா, சப்தர்ஜங் கல்லறையா?

டெல்லியில் அரை நாள்தான் கையில் இருக்கிறது, ஒரு கல்லறை மட்டும் பார்க்கலாம் என்றால், ஹுமாயூன் கல்லறைதான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் லோதி சாலையின் மறுகோடியில் இருக்கும் சப்தர்ஜங்கை ஒரேயடியாகத் தள்ளிவிட மனம் வரவில்லை.

முகலாய மன்னர் ஹுமாயூன் 1556-ல் நூலகப் படியில் தவறி விழுந்து இறந்தார். மீரக் மிர்சா கியாஸ் என்ற பாரசீகக் கட்டடக்கலைஞர் அமைத்த கல்லறை அக்பர் காலத்தில், 1570-ஐ ஒட்டி முடிந்தது. செங்குத்தான படியேறி மேடைக்கு வந்தால்தான் அதன் பருமன் உறைக்கும். சிவப்புக் கல், நடுநடுவே வெள்ளைச் சலவைக்கல் கோடு, அவ்வளவுதான் அலங்காரம். குவிமாடம் இரட்டை ஓடு: வெளியே உயரமாகத் தெரிவது ஒன்று, உள்ளே தலைக்கு மேல் தெரிவது வேறொன்று. உள்ளே போனால் எழுத்தே இல்லாத ஒரு வெள்ளைக் கல், அதன்மேல் கல்ஜன்னலின் நிழல். நிஜச் சமாதி அதற்கும் கீழே, தரைக்கடியில். தாஜ்மகாலுக்கு முன்னோடி இதுதான்.

சப்தர்ஜங் மன்னரே அல்ல. வட இந்தியாவில் அவத் பகுதியின் நவாப், முகலாய அரசவையின் வசீர், அதாவது தலைமை அமைச்சர். 1754-ல் இறந்தவருக்கு மகன் ஷுஜா-உத்-தௌலா கட்டியது. ஹுமாயூனில் இருப்பது போலவே நான்காகப் பிரித்த தோட்டம், அதே மேடை, ஆனால் அளவு கைநழுவிவிட்டது. இடுப்புக்கு மேல் இழுத்துவிட்ட மாதிரி கட்டடம் நெட்டையாக நிற்கிறது, குவிமாடமும் உப்பல். சரி, குறை சொல்லியாயிற்று. உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள்: கூரையில் சுண்ணச்சாந்து வேலைப்பாடு, பூவும் கொடியுமாக. ஹுமாயூனில் இதைத் தேடினாலும் கிடைக்காது. கூட்டமும் குறைவு, புல்லில் சாவகாசமாக உட்காரலாம்.

இன்னொரு விஷயம். சப்தர்ஜங்கின் சலவைக்கல்லில் பெரும்பங்கு இரவல். ஹுமாயூன் கல்லறைக்குப் பக்கத்திலேயே, அக்பரின் தளபதியும் கவிஞருமான அப்துல் ரஹீம் தன் மனைவிக்காகக் கட்டிய கல்லறை இருக்கிறது. அதிலிருந்து பெயர்த்து வந்த கல். வழியில் அதையும் எட்டிப் பாருங்கள்.

முழு நாள் இருந்தால் இரண்டுக்கும் போகலாம். சப்தர்ஜங்கின் வாசல் கிழக்கே பார்த்தது, அதனால் காலையில் அங்கே. ஹுமாயூனுக்கு மேற்கு வாசல் வழியாகத்தான் நுழைவோம்; மாலை நாலு மணிக்கு மேல் போனால் வெயில் நேராக அந்தச் சிவப்பில் விழும்.