நாற்பது மில்லி காபி, ஒரு ட்ரே தண்ணீர்

எஸ்பிரெஸோ மெஷின் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் அழுத்தம் எத்தனை பார், சூடு எத்தனை டிகிரி என்றே அலசுகிறார்கள். நல்லதுதான். ஆனால் சில வருஷமாக ஒரு செமி ஆட்டோமேட்டிக் மெஷினோடு குடித்தனம் நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: தினமும் உங்கள் பொறுமையைச் சோதிக்கப்போவது பம்ப்பும் இல்லை, பாய்லரும் இல்லை. சிந்துகிற தண்ணீரைப் பிடிக்கக் கீழே சொருகியிருக்கிற ட்ரிப் ட்ரே.

மெஷின் பெயர் வேண்டாம். நடுத்தர விலை, தண்ணீரைச் சுருள் குழாயில் ஓடவிட்டுச் சூடாக்கும் தெர்மோகாயில் வகை, கிரைண்டர் தனி. பதினெட்டு கிராம் பொடி, முப்பத்தாறு கிராம் காபி, இருபத்தைந்திலிருந்து முப்பது நொடி என்ற கணக்கெல்லாம் இதில் ஒழுங்காக வருகிறது. அதில் குறை இல்லை.

குறை தண்ணீர்க் கணக்கில். காலையில் மெஷினைப் போட்டதும் போர்ட்டாஃபில்டர் (பொடி போடுகிற கைப்பிடிக் கிண்ணம்) சூடாக வேண்டும் என்று பொடி இல்லாமல் ஒரு தடவை தண்ணீர் விட வேண்டும். அது ட்ரேக்குப் போகும். ஷாட், அதாவது ஒரு தடவை காபி இறக்குவது, முடிந்ததும் சோலினாய்டு என்ற மின்சார வால்வு திறந்து உள்ளே மிஞ்சிய அழுத்தத்தை வெளியே விடும். அதனால்தான் பொடிக் கட்டி காய்ந்து, தட்டினால் முழுசாக விழுகிறது; நல்ல வசதி. அந்தத் தண்ணீரும் ட்ரேக்கு. பம்ப் 15 பார் வரை தள்ளும், காபிக்கு 9 பார் போதும், எனவே கூடுதலாக வருவதை ஒரு வால்வு கழித்துவிடும். சில மெஷின்களில் அது தொட்டிக்கே திரும்பிப் போகும். இதில் ட்ரேக்கு. பால் நுரைப்பதற்கு முன்னால் ஸ்டீம் குழாயில் நிற்கிற தண்ணீரை வெளியேற்ற வேண்டும், நுரைத்த பிறகு குழாயைச் சுத்தம் செய்ய இன்னொரு தடவை. கடைசியில் சூட்டைத் தணிக்க மெஷினே தன் பங்குக்குக் கொஞ்சம் கொட்டிக்கொள்ளும். ஒரு நாள் கடுப்பில் அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்தேன். இரண்டு பேருக்குக் காபி போட்டதில் ட்ரேயில் சேர்ந்தது கால் லிட்டருக்கு மேல்.

சரி, சேரட்டும், கொட்டிவிட்டால் போச்சு என்பீர்கள். அந்த ட்ரேயை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். அகலமானது, ஆழம் இல்லை, கைப்பிடி இல்லை. நிரம்பியதும் நடுவில் ஒரு சிவப்பு மிதவை எட்டிப் பார்க்கும். அது எட்டிப் பார்ப்பதற்குள் தண்ணீர் விளிம்புக்கு அரை விரல் கீழே வந்திருக்கும். இழுத்தால் ட்ரே பிளாஸ்டிக் தடத்தில் முதலில் சிக்கும், அப்புறம் சட்டென்று விடுபடும். விடுபடுகிற வேகத்தில் உள்ளே ஓர் அலை கிளம்பி முன்பக்கம் வந்து மோதி, மேடையில் பாதி, சட்டையில் பாதி. காபித் தூள் கரைந்த தண்ணீர், வெள்ளைச் சட்டையில் பட்டால் லேசில் போகாது. இரண்டு நாள் கழுவாமல் விட்டால் சென்னைப் புழுக்கத்தில் மூலையில் கொழகொழவென்று ஏதோ படர ஆரம்பிக்கும். பால் துளி விழுந்திருந்தால் வாசனையும் சேரும்.

கடைகளில் இந்தத் தொல்லை கிடையாது. 1961இல் வந்த ஃபேமா ஈ61 என்ற கடை மெஷின் முதற்கொண்டு பெரிய மெஷின்களின் ட்ரேயிலிருந்து ஒரு குழாய் நேராக வடிகாலுக்குப் போய்விடும். வீட்டு மெஷின் வடிவமைப்பவர்கள் காபியை அங்கிருந்து எடுத்துக்கொண்டார்கள், குழாயை அங்கேயே விட்டுவிட்டார்கள்.

எனக்கு இது இவ்வளவு உறுத்துவதற்கு ஊரும் ஒரு காரணம். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, லாரிக்குக் குடத்தோடு காத்துக் கிடந்த ஊர் இது. நல்ல தண்ணீர் கீழே போவதைப் பார்த்தால் கை தானாகக் குழாயை மூடப் போகும். அதிலும் மெஷினுக்கு ஊற்றுவது லேசில் கிடைக்கிற தண்ணீர் இல்லை. எங்கள் போர் தண்ணீர் உப்பு. கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படியும். தொட்டியில் ஃபில்டர் போட்டு, கையேட்டில் சொன்ன மாதிரியே சிட்ரிக் அமிலம் விட்டுக் கழுவியும் போன மாதம் சோலினாய்டு வால்வு அடைத்துக்கொண்டது. பம்ப் உறுமுகிறது, ஒரு சொட்டு வரவில்லை. பழுது பார்க்க வந்த பையன் வால்வைக் கழற்றி உள்ளங்கையில் தட்டினான். சுண்ணாம்புச் செதில் நாலைந்து உதிர்ந்தது. "தண்ணிய மாத்துங்க சார்" என்றான். அதற்கு ஒரு பில்லும் கொடுத்தான்.

வெறும் ஆர்.ஓ. தண்ணீரைப் போட்டால் காபி சப்பென்று இருக்கிறது. அதில் தாது உப்பு கொஞ்சமாவது இருந்தால்தான் ருசி இறங்கும். லிட்டருக்கு 150 மில்லிகிராம் பக்கம் டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கிற உப்புகளின் அளவு, இருந்தால் நல்லது என்பது காபிக்காரர்கள் சொல்கிற அளவு. ஆகவே ஆர்.ஓ. தண்ணீரில் குழாய்த் தண்ணீரைக் கொஞ்சம் கலந்து, மீட்டரை முக்கிப் பார்த்து ஊற்றுகிறேன். ஆர்.ஓ. மெஷின் ஒரு லிட்டர் தருவதற்குள் இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளிவிடும். அப்படிப் பாடுபட்டு எடுத்த தண்ணீரில் பெரும்பங்கு காபிப் பொடியைக்கூடப் பார்க்காமல் ட்ரேக்குப் போகிறது. அம்மா அதை வாளியில் சேர்த்து பால்கனி கழுவுகிறார். "நாலு மடக்கு காபிக்கு நாலு சொம்பு தண்ணியாடா?" என்று தினமும் இல்லாவிட்டாலும் வாரம் ஒரு தடவையாவது கேட்டுவிடுவார். டவரா டம்ளரும் பித்தளை ஃபில்டரும் அவர் பக்கம் சாட்சி சொல்லும். எனக்குப் பதில் இல்லை.

நியாயமாகவும் பேச வேண்டும். வறுத்து ஒரு வாரம் பத்து நாள் ஆன சிக்மகளூர் கொட்டையை அப்போதுதான் அரைத்துப் போட்டு, கிரைண்டர் சரியாக அமைந்துவிட்ட ஒரு காலையில் இது தருகிற ஷாட் இருக்கிறதே, அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. முதலில் கருப்பாக, அப்புறம் மெல்லிய இரண்டு வால்களாக, கடைசியில் தேன் நிறத்தில் இறங்கும். கருப்பட்டி இனிப்பும் நாரத்தைத் தோல் கசப்பும் சேர்ந்து நாக்கின் ஓரத்தில் ரொம்ப நேரம் நிற்கும். ஆவின் ஆரஞ்சு பாக்கெட் பாலை 60 டிகிரி தாண்டும்வரை நுரைத்தால், அதில் இருக்கிற 6 சதவீதக் கொழுப்புக்கு நுரை பட்டுப்போல வருகிறது, சர்க்கரை வேண்டாம். ஃபில்டர் காபிக்கு வாங்குகிற சிக்கரி கலந்த பொடியை மட்டும் இதில் போட்டுவிடாதீர்கள். மழைக்காலத்தில் அரைவை கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கும், அது எல்லா மெஷினுக்கும் உள்ளதுதான். ரப்பர் கேஸ்கெட் கடினமாகிப் பக்கவாட்டில் ஒழுகினால் நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.

இப்போது ஆன்லைனில் விலை இறங்கியிருக்கிறதாம். சித்தப்பா பையன் போன் பண்ணி, "அண்ணா, வாங்கலாமா?" என்றான். காபி பற்றி மேலே எழுதிய அத்தனையும் சொன்னேன். சொல்லிவிட்டு, வாங்காதே என்றேன். அந்தக் காசில் பாதிக்கு கொட்டையைப் பல் சக்கரங்களுக்கு நடுவே அரைக்கிற நல்ல பர் கிரைண்டரும், அடுப்பில் வைத்துக் காபி இறக்குகிற ஒரு மோக்கா பாட்டும் வாங்கு, மீதியைக் கொட்டைக்கு வைத்துக்கொள், சட்டையும் மிச்சம் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப உங்க மெஷினை எனக்கே பாதி விலைக்குக் குடுத்துடுங்களேன்" என்கிறான்.

அதெல்லாம் முடியாது. வேண்டுமானால் ட்ரேயை எடுத்துக்கொண்டு போகட்டும்.