கம்பி நல்ல கம்பிதான், காப்புரிமைதான் இடிக்கிறது

நான் வாங்கிய ஆன்டெனா இவ்வளவுதான்: இருபது மீட்டர் கம்பி, உள்ளங்கையளவு கறுப்புப் பெட்டி, இரண்டு இன்சுலேட்டர். அட்டையில் பெரிய எழுத்தில் 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டது'. இதைப் பார்த்து யாரும் செய்யக் கூடாது என்று கூட வந்த தாளில் ஒரு மிரட்டல் வேறு. ஹாம் ரேடியோவில், அதாவது பொழுதுபோக்காக வானொலியில் தொடர்பு கொள்ளும் எங்கள் உலகில், பாதி வேலையே அடுத்தவர் ஆன்டெனாவைப் பார்த்து நாமும் கட்டுவதுதானே!

சரி, முதலில் ஆன்டெனா. எட்டு மீட்டர் உயரத்தில் கிடைமட்டமாகக் கட்டினேன். 7.1 மெகாஹெர்ட்ஸில் எஸ்.டபிள்யூ.ஆர். 1.4 (அனுப்பும் திறன் ஆன்டெனாவில் ஏறாமல் எவ்வளவு திரும்புகிறது என்பதன் அளவு; 1 என்றால் துளியும் திரும்பவில்லை). பொருத்தம் சரிசெய்யும் டியூனர் இல்லாமலே 14, 21, 28 மெகாஹெர்ட்ஸிலும் ஓடுகிறது. குரலுக்கு 100 வாட் வரை முனகவில்லை. கணினி வழியே குறுஞ்செய்தி அனுப்பும் எஃப்.டி.8 முறையில், குரலைப் போல ஏறியிறங்காமல் முழுத் திறனும் போகும்; அதில் 50 வாட் கொடுத்ததும் பத்தே நிமிடத்தில் பெட்டி சுட்டது, எஸ்.டபிள்யூ.ஆரும் ஏறியது. இப்போது அதற்கு 25 வாட்தான். '100 வாட்' என்று அச்சடித்தவர்கள் எதற்கு என்றும் சொல்லியிருக்கலாம்.

அப்புறம் திருப்புளியை எடுத்தேன். உள்ளே ஒரு ஃபெரைட் (காந்தத் தன்மையுள்ள பீங்கான்) வளையம், அதில் கம்பி சுற்றிய மின்மாற்றி. ஒரு பக்கம் 2 சுற்று, மறுபக்கம் 14. சுற்றில் 1:7 என்றால், மின்மறுப்பில் (மாறுமின்னோட்டத்துக்கு இருக்கும் தடை) அதன் வர்க்கம், 1:49. அலைநீளத்தில் பாதி நீளமுள்ள கம்பியின் முனையில் இருக்கும் இரண்டாயிரத்துச் சொச்சம் ஓமை 50-க்கு இறக்கும் பழைய வித்தை. முனையில் ஊட்டும் கம்பிக்கு ஹான்ஸ் பெகரோ 1909-லேயே ஜெர்மனியில் காப்புரிமை வாங்கிவிட்டார், செப்பலின் வான்கப்பலுக்காக. அவர் ஊட்டியது பக்கம் பக்கமாக ஓடும் இணைக்கம்பி வழியாக, இந்தத் தயாரிப்பாளர்கள் மின்மாற்றி வழியாக. வளையம் சுற்றிப் பழகிய எவருக்கும் தோன்றுகிற மாற்றம் இது.

கிடைமட்டக் கம்பிக்குக் காப்புரிமையே கூடாது என்று சொல்லவில்லை. 1921-இல் வானொலிப் பொறியாளர் ஹாரால்ட் பெவரேஜுக்கு அமெரிக்காவில் கிடைத்தது. தாழ்வாக நீள இழுத்த கம்பியின் கடைசியில் மின்தடை வைத்து மண்ணில் இறக்கினால், ஒரு திசையிலிருந்து வருவது மட்டும் நன்றாகக் கேட்கும். அன்று அது புதுசு.

தயாரிப்பாளரிடம் விண்ணப்ப எண் கேட்டேன். 'ரகசியம்' என்று பதில். விண்ணப்பித்த 18 மாதத்தில் பொதுவாக அது வெளியாகிவிடும். இந்த மாடலோ மூன்று வருடமாக விற்பனையில் இருக்கிறது. விற்ற பிறகு விண்ணப்பித்தார்கள் என்றால், பல நாடுகளில் அந்த விற்பனையே அவர்களுக்கு எதிரான சாட்சி.

நான் வேறெங்கும் பார்க்காதது ஒன்றுதான்: பெட்டியின் மூடி கழன்று, கம்பி சுற்றும் சட்டமாகிறது. ஒரு நிமிடத்தில் சிக்கில்லாமல் மடக்கிவிடலாம். அதைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரிகூட இல்லை.