பாலை, கோட்டை, சுனை: ஒருநாள் வேன் பயணம் எப்படி இருந்தது?

திருநெல்வேலியிலிருந்து குடும்பத்தோடு ஒரே நாளில் போய்வரும் பயணம் என்றால் குற்றாலமோ பாபநாசமோதான் முதலில் பேச்சில் வரும். அதற்கு எதிர்த்திசையில், கிழக்கே பாஞ்சாலங்குறிச்சியையும் தேரி எனப்படும் செம்மணல் மேடுகளையும் தேரிக்குள் இருக்கும் சுனையையும் ஒரே நாளில் காட்டுவதாகப் பாளையங்கோட்டையில் ஒரு வேன் வாடகை நிறுவனம் கொடுத்த துண்டறிக்கையைப் பார்த்து, சென்னையிலிருந்து வந்திருந்த தங்கை குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டு, பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் ஒன்பது பேராகப் புறப்பட்டோம். டீசல், ஓட்டுநர் பேட்டா உட்பட 8,500 ரூபாய். வண்டி சுத்தமாக இருந்தது, ஏசி கடைசி இருக்கை வரை எட்டியது, சொன்னபடி காலை ஆறு மணிக்கே வாசலில் வந்து நின்றது. அந்தக் காசுக்கு இது நியாயமான சேவை என்றே சொல்வேன். ஆனால் இடங்களைக் காட்டும் வரிசையை அவர்கள் கட்டாயம் மாற்றியாக வேண்டும்.

முதல் நிறுத்தம் கயத்தாறு. 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட ஊர் அது. நினைவிடத்தில் கால் மணி நேரம் நின்றோம், அது போதுமானதாகவே இருந்தது.

பாஞ்சாலங்குறிச்சிக்கு ஒதுக்கிய நாற்பது நிமிடம்தான் போதவில்லை. துண்டறிக்கையில் ‘பழைய கோட்டை’ என்று போட்டிருக்கிறார்கள். இன்று நாம் உள்ளே நுழையும் கோட்டை 1974-இல் தமிழக அரசு எழுப்பிய நினைவுக் கோட்டை. உண்மையான கோட்டை மண்ணால் கட்டப்பட்டது. கட்டபொம்மன் மறைந்த பிறகு, 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய அவருடைய தம்பி ஊமைத்துரை, இடிந்து கிடந்த அந்தக் கோட்டையைச் சில நாட்களிலேயே மீண்டும் எழுப்பினார். அந்த மண்சுவரை முதல் தாக்குதலில் கும்பினிப் (கிழக்கிந்திய கம்பெனி) படையால் பிடிக்க முடியவில்லை. மே 24 அன்று பெரும்படையோடு வந்துதான் கைப்பற்றினார்கள். அதன்பின் அதைத் தரைமட்டமாக்கினார்கள். அந்தத் தரைமட்டத்தின் எச்சம் இன்றும் இருக்கிறது: தொல்லியல் துறையின் பாதுகாப்பில் முழங்கால் உயரத்துக்கு நிற்கும் அடித்தளங்கள். அருகிலேயே அந்தப் போரில் இறந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களின் கல்லறைகளும் உள்ளன. நினைவுக் கோட்டையின் சுவரோவியங்களைப் பார்த்து முடிக்கவே அரை மணி நேரம் ஓடிவிட்டதால், அடித்தளங்களை நாங்கள் ஓட்டமும் நடையுமாகப் பார்த்தோம். பதினொரு வயது மகன், “இதுதான் நெசக் கோட்டையாப்பா? இவ்வளவு சின்னதா?” என்று கேட்டான். அவனுக்கு நின்று பதில் சொல்ல நேரம் கிடைக்கவில்லை என்பது எனக்கு இன்னும் வருத்தமாகவே இருக்கிறது. இந்த இடத்துக்கு ஒன்றரை மணி நேரம் வேண்டும். எது பழையது, எது புதியது என்று துண்டறிக்கையிலும் தெளிவாக எழுத வேண்டும்.

அங்கிருந்து தூத்துக்குடி வழியாகத் திருச்செந்தூர்ப் பக்கம் இறங்கி, தேரிக்குள் வண்டி நுழைந்தபோது மணி பன்னிரண்டரை. பங்குனி வெயிலில் உச்சிப்பொழுதுக்குச் செம்மணலில் குழந்தைகளை இறக்கும் திட்டத்தை யார் போட்டார்களோ, அவர்கள் அந்த நேரத்தில் அங்கே ஒருமுறைகூடக் கால் வைத்திருக்க மாட்டார்கள். ஓட்டுநர் அண்ணாச்சிக்கு அது தெரிந்திருந்தது. “சார், பிள்ளைகளுக்குச் செருப்பைப் போட்டு எறக்குங்க, மணல் பொத்துப் போடும்” என்று முன்கூட்டியே எச்சரித்தார். அப்படியும் மணல் செருப்புக்குள் புகுந்து சுட்டதில் ஏழு வயது மகள் பத்தடியில் அழத் தொடங்கிவிட்டாள். அவளைத் தூக்கிக்கொண்டு ஓர் உடைமரத்து நிழலுக்கு ஓடினோம்.

அந்த நிழலில்தான் இந்தப் பயணத்தின் மிக நல்ல அரைமணி நேரம் கிடைத்தது. உடன்குடிப் பக்கத்தில் பிறந்த என் அம்மா தரையில் உட்கார்ந்து மேல்மணலை இரண்டு கையாலும் ஒதுக்கினார். ஒரு சாண் ஆழத்தில் மணலின் நிறம் இருண்டு, விரலில் ஒட்டும் அளவுக்கு ஈரம் தெரிந்தது. “மேல்மண்ணுதான் சுடும், அடிமண்ணு குளுந்து கெடக்கும். இங்க காலை வையி மக்கா” என்று பேத்தியின் பாதங்களை அந்தக் குழியில் வைத்து மூடினார். அழுகை நின்றது. மழைநீரைத் தேரி இப்படித் தன் அடியில் வைத்துக்கொள்வதால்தான் பனையும் கொல்லாமாவும் (முந்திரி) அங்கே பிழைக்கின்றன. மணலின் சிவப்புக்கு அதிலுள்ள இரும்பு காரணம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வீசும் தென்மேற்குக் காற்று மேற்கிலிருந்து வாரிக்கொண்டு வந்து கடலோரத்தில் குவித்த மண் இது என்பார்கள். இந்தத் தேரிகளில் கற்கால மனிதர் செய்த நுண்கற்கருவிகள் கிடைத்திருக்கின்றன. 1950-களில் ஸோய்னர், ஆல்ச்சின் ஆகிய ஆய்வாளர்கள் அவற்றை விரிவாக ஆராய்ந்தார்கள். தேரியின் ஓரங்களில் மழைத்தண்ணீர் அறுத்துப்போட்ட ஓடைகளும் உண்டு. செங்குத்தான சிவப்புக் கரைகளுக்கு நடுவே நடப்பது பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். வெயிலின் கடுமையால் நாங்கள் ஓர் ஓடையை மட்டும் மேலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

சுனை, மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் இருக்கிறது. அந்தச் செந்தணல் காட்டைத் தாண்டி வந்து, மரங்கள் அடர்ந்த நிழலில் தெளிந்த நல்ல தண்ணீரைக் கண்டபோது, இந்தச் சுனைக்கு ஏன் ஒரு காவல் தெய்வம் தேவைப்பட்டது என்பது எங்கள் எல்லோருக்கும் சொல்லாமலேயே புரிந்தது. இங்கே நேரத்தைக் குறுக்காமல் விட்டது நிறுவனம் செய்த நல்ல காரியம். கோயில் என்பதால் சுனையில் விளையாடக் கூடாது என்று பிள்ளைகளிடம் முன்பே சொல்லிக் கூட்டிச் செல்லுங்கள்.

திட்டத்தில் இல்லாத ஒரு நிறுத்தத்தை ஓட்டுநர் அண்ணாச்சி தாமாகவே சேர்த்தார். சாலையோரம் ஒருவர் பதநீர் விற்றுக்கொண்டிருந்தார். பச்சைப் பனையோலையை மடித்துப் பட்டையாக்கி, நுங்கைச் சீவிப் போட்டு, மேலே பதநீரை ஊற்றிக் கொடுத்தார். கலயத்தில் தடவிய சுண்ணாம்பின் மணம் லேசாக இருந்தது. சென்னையில் வளரும் தங்கை மகன் மூன்று பட்டை குடித்தான். துண்டறிக்கையில் இல்லாத இதுவே அவனுக்கு அன்றைய நாளில் முதலிடம்.

திருச்செந்தூரில் சாப்பாடு, தரிசனம், கடற்கரை எல்லாம் வழக்கம்போல். இரவு எட்டரைக்கு வீடு சேர்ந்தோம்.

மறுநாள் நிறுவனத்துக்குத் தொலைபேசியில் அழைத்து, திருச்செந்தூரை நண்பகலுக்கும் தேரியை மாலை நான்கரைக்கும் மாற்றும்படி கேட்டேன். முன்பதிவின்போதே சொன்னால் மாற்றித் தருவதாகச் சொன்னார்கள்; ஆகவே போகிறவர்கள் பணம் கட்டும்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆனி, ஆடியில் காற்று மணலை முகத்தில் அடிக்கும், கைக்குழந்தையோடு அந்த மாதங்களில் போக வேண்டாம். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரும் பிள்ளைகளுக்கு மூடிய காலணியும் கட்டாயம் வேண்டும். வண்டியின் தரையெல்லாம் செம்மணலாகிக் கிடந்ததைப் பார்த்துக் கூடுதலாக ஏதாவது தரவா என்று கேட்டதற்கு, “தேரிக்குப் போய்ட்டு வந்தா இப்படித்தான் சார் இருக்கும்” என்று ஓட்டுநர் அண்ணாச்சி வாங்க மறுத்துவிட்டார்.