ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய்ப் பார்க்காதீர்கள்

அம்மாவையோ அப்பாவையோ முதியோர் பராமரிப்பு இல்லத்தில் விட்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். புகார் விசாரணையில் இருப்பதால் இல்லத்தின் பெயரைப் போடவில்லை. நான் எப்படி ஏமாந்தேன் என்பது தெரிந்தால் போதும்.

அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனது. தானாகப் புரண்டு படுக்க முடியாது. வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால், நடக்கத் தொடங்கும்வரை அங்கே இருக்கட்டும் என்று சேர்த்தோம். "24 மணி நேரமும் நர்ஸ் இருப்பாங்க சார்" என்றார்கள். இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஊழியர் என்று நான் கேட்கவில்லை. அறையில் டிவி இருக்குமா என்று கேட்டேன்.

ஒவ்வொரு ஞாயிறும் காலை 11 மணிக்குப் போவேன். தலைவாரி, பவுடர் போட்டு, அம்மாவைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்திருப்பார்கள். பாதி நேரம் கண் சொருகும். "ராத்திரி சரியாத் தூங்கலை, அதான் அசதி" என்பார் சூப்பர்வைசர். நம்பினேன். நம்புவது எனக்கும் வசதியாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டரை மாதம் கழித்து ஒரு புதன்கிழமை, வேலை சீக்கிரம் முடிந்ததால் மாலை 7 மணிக்குப் போய் நின்றேன். "போன் பண்ணிட்டு வந்திருக்கலாமே" என்று வாசலிலேயே நிறுத்தினார்கள். உள்ளே அம்மா மல்லாந்து கிடந்தார். உதடு வறண்டிருந்தது. தண்ணீர் டம்ளர் நிரம்பியபடி கைக்கு எட்டாத இடத்தில். கூப்பிடும் மணியின் வயரைச் சுருட்டிச் சுவர் ஆணியில் மாட்டியிருந்தார்கள்.

கட்டில் கால்மாட்டில், 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைத்ததைக் குறிக்கும் அட்டவணை தொங்கியது. அப்போது மணி 7.15. அட்டவணையில் இரவு 10 மணிவரை டிக் போட்டு, கையெழுத்தும் இருந்தது. சத்தம் போடுவதற்கு முன்னால் அதைப் போட்டோ எடுத்தேன். இந்த விவகாரத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

அம்மாவைத் திருப்பினால் முதுகெலும்பு முடியும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். படுக்கைப் புண் ஒரே நாளில் இந்த அளவுக்கு வராது. முதலில் தோல் சிவக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் நல்ல தோல் வெளுத்து மறுபடி நிறம் திரும்பும். சிவப்பு வெளுக்காமல் அப்படியே நின்றால் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். கருத்த தோலில் சிவப்பு தெரியாது, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். குதிகாலையும் பாருங்கள். ஒவ்வொரு ஞாயிறும் நான் பார்ப்பதற்காக, அந்தப் புண்மேலேயே அம்மாவை உட்கார வைத்திருக்கிறார்கள்.

அங்கே வேலை செய்யும் பெண் ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்: "ராத்திரியில 28 பேருக்கு நாங்க ரெண்டு பேர்தான் அண்ணா. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க." அவள்மேல் எனக்குக் கோபமில்லை.

மருந்துச் சீட்டைக் கேட்டு வாங்கவே இரண்டு நாள் ஆனது. அதில் கியூட்டியாபின் இருந்தது. மனநோய்க்குத் தரும் மருந்து. அம்மா இரவில் கத்துகிறார் என்று, எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தினமும் கொடுத்திருக்கிறார்கள். மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு இவ்வகை மருந்துகள் மரண அபாயத்தைக் கூட்டும் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2005-லேயே கடும் எச்சரிக்கை விடுத்தது. அம்மாவுக்கு மறதி நோயே கிடையாது. மருத்துவமனையில் சோதித்தபோது சிறுநீர்த் தொற்று என்று தெரிந்தது. வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல், தொற்று திடீர்க் குழப்பமாகவும் கத்தலாகவும் வெளிப்படலாம் என்று டாக்டர் சொன்னார்.

எடையும் அப்படித்தான். இல்லத்தின் பதிவேட்டில் மூன்று முறையும் 52 கிலோ, புள்ளி மாறாமல். மருத்துவமனைத் தராசில் 46.

கேட்டதற்கு, "படுத்த படுக்கையா இருக்கிறவங்களுக்குப் புண் வர்றது சகஜம்தான்" என்றார் நிர்வாகி. சரி, 10 மணி டிக்? "ஊழியரோட கவனக்குறைவு." கூட்டிப் போகிறோம் என்றதும், 'சேவையில் திருப்தி' என்று எழுதிய ஒரு தாளை நீட்டி, கையெழுத்துப் போட்டால்தான் அட்வான்ஸ் திரும்பும் என்றார்கள். போடவில்லை. அட்வான்ஸ் இன்னும் வரவில்லை.

நீங்கள் போகிற நேரத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். சாப்பாட்டு நேரத்தில் போனால் ஊட்டுகிறார்களா, தட்டை வைத்துவிட்டுப் போகிறார்களா என்று தெரிந்துவிடும். புது மாத்திரை எது கொடுத்தாலும் எதற்கு என்று கேளுங்கள். போர்வையை விலக்கிப் பார்க்கக் கூச்சப்படாதீர்கள், நான் கூச்சப்பட்டேன்.

அம்மா இப்போது வீட்டில் இருக்கிறார். புண் மெல்ல ஆறுகிறது. புகாருக்குப் பதிலாக இல்லம் கொடுத்த அட்டவணை நகலில், அந்தப் புதன்கிழமையின் டிக் 6 மணியோடு நின்றுவிடுகிறது. என் போனில் இருப்பதில் 10 மணிவரை இருக்கிறது.