உதைபந்தாட்டப் பயணத்துக்கு முற்பணம் கட்டவிருப்போரின் கவனத்துக்கு

கடந்த கிழமை என் மருமகன் தன் கைத்தொலைபேசியில் ஒரு விளம்பரத்தைக் கொண்டுவந்து காட்டினான். யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டு, இரண்டு நாள்களில் இரண்டு மைதானங்களில் இரண்டு உதைபந்தாட்டப் போட்டிகளைப் பார்த்துத் திரும்பும் பயணத்துக்கு ஆள் சேர்க்கும் விளம்பரம் அது. நடுவில் பதினொரு பேர் தோளில் கை போட்டுச் சிரித்துக்கொண்டு நிற்கும் படம் போடப்பட்டிருந்தது. அந்தப் பதினொரு பேரில் நானும் ஒருவன். இதே அமைப்பாளர் முன்பு எங்களைக் கூட்டிப்போன பயணத்தில் எடுத்த படம் அது; அந்தப் பயணத்தில் நாங்கள் இரண்டு போட்டிகளில் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. அந்தப் படத்தை நம்பி இன்னும் பதினொரு பேர் பணம் கட்டிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். எங்கள் பிணக்கு இப்போது இணக்க சபையின் முன் இருப்பதால் அமைப்பாளரின் பெயரையோ நிறுவனத்தின் பெயரையோ எழுதுவது முறையல்ல; ஆனால் நடந்ததை நடந்தபடி எழுதலாம்.

மைதானம் மைதானமாகப் போய் ஆட்டம் பார்ப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். எந்த அணி வெல்லுகிறது என்பதைவிட, அந்த ஊர் தன் அணியை எப்படி நின்று பார்க்கிறது என்பதைக் காண்பதில்தான் எனக்கு ஆசை அதிகம். 2016 ஜூன் மாதம் இந்திய உதவியுடன் புதுப்பிக்கப்பட்டு, 1,850 இருக்கைகளோடு துரையப்பா விளையாட்டரங்கு மீண்டும் திறக்கப்பட்ட பிறகு அங்கு நடந்த ஆட்டங்களில் நான் தவறவிட்டவை குறைவு. குருநகர், பாசையூர், நாவாந்துறை, இளவாலை என்று கரையோர ஊர்களின் அணிகள் மோதும்போது சீட்டு வாங்கி இருக்கையில் அமர்ந்தவர்கள்கூட ஆட்டம் முடியும்வரை எழுந்துதான் நிற்பார்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் திகதி, அணிகள், கோல்கள், மழையா வெயிலா, பக்கத்தில் நின்றவர் சொன்ன ஒரு வார்த்தை என்பவற்றை எழுதி வைக்கும் கொப்பி ஒன்று என்னிடம் இருக்கிறது. அதில் மட்டக்களப்பு வெபர் மைதானத்துக்கும் கொழும்பு ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்கும் ஒதுக்கிய பக்கங்கள் நெடுநாளாக வெறுமையாகவே கிடந்தன.

இந்த இரண்டு இடங்களையும் ஒரே பயணத்தில் காட்டுவதாகச் சொன்னபோது நான் அதிகம் யோசிக்காததற்குக் காரணம் அதுதான். வெபர் மைதானம், மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் பணியாற்றிய அமெரிக்க யேசு சபைத் துறவி வெபர் அடிகளாரின் பெயரைத் தாங்கியது. தன் காலத்தின் பெரும்பகுதியை அந்த ஊர்ப் பிள்ளைகளின் விளையாட்டுக்கே கொடுத்தவர் அவர். ரேஸ்கோர்ஸ் ஒருகாலத்தில் குதிரைப் பந்தயத் திடல். 1942 ஏப்ரல் 5 ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது பிரித்தானியப் போர் விமானங்கள் எழுந்து பறந்த ஓடுபாதையாக இருந்த அதே திடலில்தான், 2021 நவம்பரில் நான்கு நாடுகள் கிண்ண இறுதியாட்டத்தில் நம் நாட்டு அணி சீஷெல்ஸ் அணியிடம் தண்ட உதைகளில் தோற்றது. பிறகு உலக உதைபந்தாட்டத்தை நிருவகிக்கும் பீபா நம் நாட்டு உதைபந்தாட்டச் சம்மேளனத்தை 2023 ஜனவரி முதல் ஓகஸ்ட் வரை இடைநிறுத்தி வைத்திருந்தது. தேசிய அணி சொந்த மண்ணில் ஆடுவதைக் காண்பதற்கு இங்குள்ள ஆட்களுக்கு எவ்வளவு ஏக்கம் இருக்கிறது என்பது அமைப்பாளருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

தலைக்கு 21,500 ரூபா. குளிரூட்டிய ஹயஸ் வாகனம், சனிக்கிழமை பின்னேரம் மட்டக்களப்பில் ஒரு கழகப் போட்டி, இரவோடு இரவாகக் கொழும்பு, வெள்ளவத்தையில் குளித்து இளைப்பாற அறை, ஞாயிறு பின்னேரம் ரேஸ்கோர்ஸில் தேசிய அணியின் ஆட்டம், இரண்டு போட்டிகளுக்கும் நுழைவுச்சீட்டு, நான்கு வேளைச் சாப்பாடு என்பது பேச்சு. முற்பணமாக 10,000 ரூபாவை ஒரு தனிநபரின் வங்கிக் கணக்கில் போடச் சொன்னார். நிறுவனத்தின் பெயர் ஒன்று, கணக்கின் பெயர் வேறொன்று என்பதை நான் கவனித்தேன், கவனித்தும் கேட்கவில்லை. பற்றுச்சீட்டு கேட்டபோது, “கிடைச்சது அண்ணை, யோசிக்காதேங்கோ” என்று ஒரு குரல்பதிவு வந்தது. மிகுதிப் பணத்தை வெள்ளி இரவு வாகனத்தில் ஏறும்போது சாரதியின் கையில் கொடுத்தோம். பதினொரு பேருக்கும் சேர்த்து 236,500 ரூபா.

எங்களில் மூத்தவர் எழுபது வயதைத் தாண்டியவர். இளமையில் தன் ஊர் அணிக்குப் பின்களத்தில் ஆடியவர். முழங்கால் வலியால் பத்து வருடமாக யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே எந்த ஆட்டத்துக்கும் போகாதவர். அவரை நாங்கள் எல்லோரும் ஐயா என்றே கூப்பிட்டோம். இரவு எட்டு மணிக்கு வரவேண்டிய வாகனம் பதினொன்று நாற்பதுக்கு வந்தது. அது வரும்வரை ஐயா கடை வாசற்படி ஒன்றில் அமர்ந்திருந்தார். குளிரூட்டி வவுனியாவோடு நின்றுபோனது. இவற்றை நான் பெரிதாகச் சொல்லவில்லை. பயணம் என்றால் பிந்தும், பழுதாகும்.

ஹபரணை, பொலன்னறுவை, வாழைச்சேனை வழியாக மட்டக்களப்பை அடைந்து, சாப்பிட்டு, ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது மைதான வாசலில் இறங்கினோம். வாசல் பூட்டியிருந்தது. நேரம் இருக்கிறதுதானே என்று நினைத்து, அந்த இரும்புக் கதவின் முன்னால் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டோம். ஐயா நடுவில் நின்றார். அமைப்பாளருக்கு அந்தப் படத்தை அனுப்பியது என் மருமகன். கீழே “நன்றி அண்ணை” என்றும் எழுதியிருந்தான். மூன்று மணியாகியும் ஒருவரும் வரவில்லை. சைக்கிளில் போன ஒருவரை நிறுத்திக் கேட்டோம். பக்கத்தில் வேலை செய்யும் அவர் எங்களைப் பரிதாபமாகப் பார்த்து, “ஆட்டம் ஒத்திப் போட்டாச்சே தம்பி. வியாழக்கிழமையே எல்லாருக்கும் சொல்லிட்டாங்க” என்றார்.

வியாழக்கிழமை. நாங்கள் புறப்பட்டது வெள்ளிக்கிழமை நள்ளிரவு. தொலைபேசியில் அமைப்பாளரைப் பிடித்தபோது முதலில் தனக்கு இப்போதுதான் தெரியும் என்றார். சாரதியோ, ஆட்டம் இல்லாவிட்டாலும் வாகனத்தை எடுக்கச் சொல்லித் தனக்கு வெள்ளி காலையே கட்டளை வந்தது என்று எங்கள் முன்னாலேயே சொன்னார். ஒரு போட்டி ஒத்திப்போவது யாருடைய குற்றமும் அல்ல. மாரி மழையில் மைதானத்தில் வெள்ளம் நின்றால், ஊரில் ஒரு செத்தவீடு என்றால், நம் பக்கத்தில் ஆட்டம் தள்ளிப்போவது வழமை, தள்ளிப்போக வேண்டியதும்தான். தெரிந்த செய்தியை மறைத்து, முழங்கால் ஏலாத முதியவரையும் ஏற்றி, இரவு முழுக்க ஓடவிட்டு ஒரு பூட்டின் முன்னால் இறக்கியதைத்தான் நான் மோசடி என்கிறேன். சொல்லியிருந்தால் பயணத்தை நிறுத்திப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டி வந்திருக்கும்; அதற்காகவே சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது இதைவிடக் கொடுமையானது. வெள்ளவத்தையில் அறை என்று சொன்ன இடத்தில் பதினொரு பேருக்கும் ஒரே அறையும் ஒரே குளியலறையும் இருந்தன. அதையும் பொறுத்துக்கொண்டு பின்னேரம் ரேஸ்கோர்ஸ் வாசலுக்குப் போனோம். அங்கு சாரதி ஓர் உறையிலிருந்து வெள்ளைத் தாள்களை எடுத்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் கட்டம் கட்டமான சதுரக் குறி அச்சிடப்பட்டிருந்தது. ஐயாவை முன்னால் விட்டோம். கருவியைப் பிடித்த பையன் அவருடைய தாளைக் காட்டச் சொன்னான். பச்சை விளக்கு எரிந்தது. ஐயா உள்ளே போனார். இரண்டாவதாக என் மருமகனின் தாளுக்குச் சிவப்பு எரிந்தது. மூன்றாவது சிவப்பு. நான்காவதும் சிவப்பு. அந்தப் பையன் எங்கள் தாள்களை வாங்கி விரித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் இலக்கத்தைச் சுட்டிக் காட்டினான். எல்லாத் தாளிலும் ஒரே இலக்கம். சதுரக் குறியின் வலது மூலைக்குச் சற்று வெளியே, அச்சு மை சிந்தியது போல ஒரு சிறு கறுப்புப் புள்ளி இருந்தது. என் தாளிலும் இருந்தது, மருமகனின் தாளிலும் இருந்தது, அதே இடத்தில், அதே அளவில். ஒரே சீட்டை வாங்கிப் பதினொரு தடவை பிரதி எடுத்திருக்கிறார்கள்.

கருமபீடத்தில் சீட்டு முடிந்துவிட்டது என்றார்கள். அமைப்பாளரை அழைத்தேன். “வாசல்ல நிக்கிற ஆக்களோட கதையுங்கோ அண்ணை, விடுவினம்” என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை. அப்போது உள்ளேயிருந்து ஐயா திரும்பி வருவதைப் பார்த்தேன். நாங்கள் வராததைக் கண்டு வாசலுக்கு வந்திருக்கிறார். “நீங்கள் பாருங்கோ ஐயா, நாங்கள் இதிலை நிக்கிறம்” என்று எவ்வளவோ சொன்னோம். “பத்துப் பேரை வெளியிலை விட்டிட்டு நான் என்னத்தைப் பாக்கிறது” என்று சொல்லி வெளியே வந்துவிட்டார். வெளியே வந்தால் அதே சீட்டில் மறுபடி உள்ளே போக முடியாது. தேசிய கீதம் கேட்டது. பிறகு ஆரவாரம் கேட்டது. சுவரோரமாக நின்று அரை மணி நேரம் கேட்டோம். ஐயாவின் கால் தாங்காததால் வாகனத்துக்குத் திரும்பினோம்.

யாழ்ப்பாணம் வந்து மூன்றாம் நாள் நாங்கள் நான்கு பேர் அமைப்பாளரின் கடைக்குப் போனோம். சீட்டு விற்ற கொழும்பு ஆள் தன்னையும் ஏமாற்றிவிட்டார் என்றார். அந்த ஆளின் பெயரைக் கேட்டால் சொல்லவில்லை. அடுத்த பயணத்தில் கழித்துவிடுவதாகச் சொன்னார். பணமாகத் தாருங்கள் என்றதும் பேச்சு மாறியது. அன்றிரவே எங்கள் இலக்கங்களைத் தடுத்துவிட்டார். பிறகு பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு எழுதினோம். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கும் அழைத்தோம். வாங்கியவர் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டு கொடுக்கவேண்டும் என்பது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்திலேயே இருக்கிறது என்பதை அப்போதுதான் அறிந்துகொண்டேன். இணக்க சபையின் முதல் தவணைக்கு அவர் வரவில்லை. ஐயா முறைப்பாட்டில் கையெழுத்து வைக்க மறுத்துவிட்டார். பெடியன்தானே, பிழைத்துப் போகட்டும் என்கிறார். அவருடைய 21,500 ரூபாவையும் சேர்த்துத்தான் நாங்கள் கேட்கிறோம்.

இப்படியான பயணத்துக்குப் பணம் கட்ட நினைப்பவர்கள், ஆட்டம் நடக்குமா என்பதை அமைப்பாளரிடம் கேட்க வேண்டாம். அன்று சொந்த மைதானத்தில் ஆடும் கழகத்தின் செயலாளரிடமோ அந்த மாவட்ட லீக்கிலோ வியாழனும் வெள்ளியும் இரண்டு முறை நேரடியாகக் கேளுங்கள். புறப்பட முதல் மட்டக்களப்புக்கு நான் ஒரேயொரு அழைப்பு எடுத்திருந்தால் பதினொரு பேரும் வீட்டில் நித்திரை கொண்டிருப்போம். நுழைவுச்சீட்டைப் புறப்படுவதற்கு முதல் உங்கள் கைக்கு வாங்கி, பக்கத்து ஆளின் சீட்டோடு இலக்கத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். வாசலில் தருகிறோம் என்றால் அந்தப் பயணத்துக்குப் போகாதீர்கள். பிரதேச செயலகத்தில் பதிந்த வியாபாரப் பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால் ஒரு ரூபாவும் போடாதீர்கள். கொழும்புக்கு யாழ்தேவியும், கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு உதயதேவியும் ஓடுகின்றன. நாலு பேர் சேர்ந்து தாங்களே ஆசனம் பதிந்து போவதற்கு இவ்வளவு செலவும் இல்லை.

மருமகனும் நானும் அடுத்த மாதம் பேருந்திலேயே மட்டக்களப்புக்குப் போய், ஒத்திப்போன அந்த ஆட்டத்தைப் பார்த்தோம். கொப்பியில் வெபர் மைதானத்தின் பக்கம் நிரம்பிவிட்டது. ரேஸ்கோர்ஸின் பக்கத்தை ஐயாவோடு போய் நிரப்புவதாக வைத்திருக்கிறேன்.

விளம்பரத்தில் நிறுவனத்தின் பெயரை மாற்றிப் போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். பெயரைப் பார்க்க வேண்டாம், படத்தைப் பாருங்கள். பூட்டுத் தெரியாதபடி மேலும் கீழும் வெட்டியிருக்கிறார்கள். ஆனால் நடுவில் வெள்ளைச் சட்டையோடு நிற்கும் முதியவரின் இடது தோளுக்குப் பின்னால், கதவைச் சுற்றிய சங்கிலியின் நாலைந்து வளையங்கள் வெட்டுப்படாமல் அப்படியே இருக்கின்றன.