பிஜி கையில் தம்பியைக் கொடுக்கலாமா? அரசு ஆஸ்பத்திரியும் அண்ணா நகர் கிளினிக்கும்

காசிமேட்டுப் பக்கம் வளர்ந்த பையன் சட்டையோடு கடலில் இறங்கினால், கூட இருப்பவர்கள் சும்மா விடுவார்களா? என் தம்பி எட்டு வருஷமாக அப்படித்தான் இறங்குகிறான். பதினைந்து வயதில் மார்பு வீங்க ஆரம்பித்தது. தானாக வற்றிவிடும் என்றார்கள். பெரும்பாலான பையன்களுக்கு ஓரிரு வருஷத்தில் வற்றியும்விடும், இவனுக்கு வற்றவில்லை. இப்போது இருபத்து மூன்று வயது. ஹார்மோன் டெஸ்ட் எல்லாம் சரியாக இருக்கிறது, ஜிம்மில் ஸ்டீராய்டு ஊசி கீசி எதுவும் போட்டதில்லை. ஆக மிச்சம் இருப்பது ஆபரேஷன்தான்.

அண்ணா நகர் கிளினிக்கில் எண்பத்தைந்தாயிரம் கேட்டார்கள். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் காசே கிடையாது, ஆனால் கத்தி பிடிப்பவர் பெரும்பாலும் பிஜி, அதாவது இன்னும் படித்துக்கொண்டிருப்பவர். அம்மா ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். "கத்துக்குற பசங்க கையில எம்புள்ளய குடுக்க மாட்டேன்."

அம்மா சொன்னதில் ஒரு குழப்பம் இருக்கிறது, நமக்கெல்லாமே இருக்கிற குழப்பம்தான். வார்டில் கோட்டு போட்டு நடக்கிற எல்லோரையும் 'ஸ்டூடண்ட்' என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். ரத்தம் எடுக்க வருகிற ஹவுஸ் சர்ஜன் வேறு. பிளாஸ்டிக் சர்ஜரி பிஜி என்பவர் ஐந்தரை வருஷம் எம்.பி.பி.எஸ்., அப்புறம் மூன்று வருஷம் பொது அறுவை எம்.எஸ்., அதற்கும் மேல் மூன்று வருஷ எம்.சிஎச். படிப்பில் இருப்பவர். கடைசி வருஷத்துக்காரர் மருத்துவத்துக்குள் வந்து பதினோரு வருஷம் ஆகிறது. குடல்வால், ஹெர்னியா எல்லாம் செய்து பழகிய கை. எம்.பி.பி.எஸ். முடித்த கையோடு நேராக ஆறு வருஷம் பிளாஸ்டிக் சர்ஜரி படிக்கிற வழியும் இருக்கிறது, அதில் முதல் வருஷத்தில் இருப்பவர் நிஜமாகவே புதுசு. அதனால் பிஜியா என்று மட்டும் கேட்டால் போதாது, எந்தப் படிப்பு, எத்தனையாவது வருஷம் என்றும் கேட்க வேண்டும்.

இந்தப் பக்கம், போர்டில் 'காஸ்மெடிக் சர்ஜன்' என்று போட்டுவிட்டாலே பெரிய டாக்டர் என்று நம்புகிறோம். 2022இல் தேசிய மருத்துவ ஆணையமே, யூடியூப் பார்த்தும் ஒர்க்‌ஷாப்புக்குப் போயும் முடி நடவு செய்யக் கிளம்பாதீர்கள், அது பயிற்சி ஆகாது என்று எழுதி வெளியிட வேண்டியிருந்தது. சென்னையில் 2016இல் முடி நடவுக்குப் போய் இறந்துபோனவர் ஒரு மருத்துவ மாணவர். கத்துக்குட்டி அரசு ஆஸ்பத்திரியில் மட்டும்தான் இருக்கிறார் என்று யார் சொன்னது? அங்கே அவர் தலைக்கு மேல் ஒரு சீஃப் இருக்கிறார், சில ஏசி ரூம்களில் அதுவும் இல்லை.

ஆனால் நாங்கள் பார்த்த அண்ணா நகர் டாக்டர் அந்த ரகம் இல்லை. முறையான எம்.சிஎச்., தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் பதிவு எண்ணைத் தேடிப் பார்த்தோம், சரியாக இருந்தது. பதினைந்து வருஷ அனுபவம். வாரத்துக்கு இரண்டு, மூன்று பேருக்கு இதே ஆபரேஷனைச் செய்கிறார். எனக்கு உறுத்தியது இதுதான். அரசு ஆஸ்பத்திரி பிளாஸ்டிக் சர்ஜரி வார்டு என்றால் அறுந்த கை, தீக்காயம், விபத்து. ஸ்டான்லியையே எடுத்துக்கொள்ளுங்கள், எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்வார்களே, அதேதான். டாக்டர் வெங்கடசாமி தொடங்கிய கை அறுவைப் பிரிவு அங்கே இருக்கிறது, 2018இல் இறந்தவரின் கைகளை எடுத்து இன்னொருவருக்குப் பொருத்தியே காட்டினார்கள். இப்படிப்பட்ட வார்டுகளில் பழகிய பிஜிக்கு நரம்பைத் தைக்க நன்றாகவே வரும். அழகுக்காகச் செய்கிற கேஸ் எத்தனை பார்த்திருப்பார் என்பதுதான் கேள்வி. மார்பில் வீங்கிய திசுவை எடுக்கும்போது கூடுதலாக ஒரு கரண்டி சுரண்டிவிட்டால் காம்புக்குக் கீழே கிண்ணம் மாதிரி குழி விழுந்துவிடும், அப்புறம் அதை நிரப்புவது பெரும்பாடு.

அமெரிக்காவில் சில பல்கலைக்கழக ஆஸ்பத்திரிகளில் இதற்கென்றே தனி கிளினிக் வைத்து, கடைசி வருஷத்துக்காரர்கள் மேற்பார்வையில் குறைந்த கட்டணத்துக்குச் செய்கிறார்கள். சர்ஜன் கூலிதான் குறையும், மயக்க மருந்துக்கும் தியேட்டருக்கும் பணம் கட்டியே ஆக வேண்டும். இங்கே அதே வாய்ப்பு காசில்லாமல் கிடைக்கிறது, காத்திருக்கத் தெரிந்தால்.

எந்த ஆபரேஷன் என்பதைப் பொறுத்தும் பதில் மாறும். பெரியம்மாவின் காதைச் சொல்கிறேன். நாற்பது வருஷம் ஜிமிக்கி தொங்கித் தொங்கி ஓட்டை கோடாக நீண்டு, ஒருநாள் பேரன் இழுத்ததில் மடல் இரண்டாகப் பிளந்துவிட்டது. அரசு ஆஸ்பத்திரியில்தான் தைத்தோம். மரத்துப்போகிற ஊசி மட்டும் போட்டு, பிஜி பொண்ணு பேனாவால் மடலில் கோடு போட்டாள். சீஃப் குனிந்து பார்த்துவிட்டு, "ஓரத்தை நேரா தைக்காதம்மா, தழும்பு சுருங்குனா பள்ளம் விழும், கொஞ்சம் வளைச்சுக்கோ" என்றார். அவள் ஸ்பிரிட் பஞ்சால் அழித்துவிட்டு மறுபடியும் போட்டாள். இரண்டு காதும் முடிய முக்கால் மணி நேரம் ஆனது, கைதேர்ந்தவர் பாதி நேரத்தில் முடித்திருப்பார். ஆனால் அந்தத் தையலைக் காட்டுங்கள் என்று இன்றைக்குக் கேட்டால் பெரியம்மாவுக்கே தேட வேண்டியிருக்கும். மூன்று மாசம் கழித்து, பழைய தழும்பை விட்டுத் தள்ளி வேறு இடத்தில் குத்திக்கொண்டாள். நம் தோலுக்குக் காது மடலில் கெலாய்டு வர வாய்ப்பு அதிகம், ஏற்கெனவே எங்காவது தழும்பு தடித்து வளர்ந்திருந்தால் அதை முதலில் சொல்லிவிட வேண்டும். அது யார் தைத்தாலும் வரலாம்.

மூக்குக்கு இந்தக் கணக்கே செல்லாது. அதில் ஒரு மில்லிமீட்டர் தப்பினாலும் முகத்தில் தெரியும், வீக்கம் முழுசாக வடிந்து வடிவம் தெரிய ஒரு வருஷம் ஆகும், மறுபடி செய்வது முதல்முறையைவிடக் கஷ்டம். கடன் வாங்கியாவது மூக்கு மட்டுமே செய்து பழகியவரிடம் போவேன், இல்லையென்றால் செய்யாமலே இருந்துவிடுவேன்.

தம்பியின் கேஸ் காதுக்கும் மூக்குக்கும் நடுவில் வருகிறது. அதனால் பின்னால் என்ன ஆகும் என்று பார்த்தோம். கிளினிக்கில் ஏதாவது கோணலானால் அதே டாக்டர் வாசலில் போய் நிற்கலாம். ஆனால் "ரீ-டூ ஃப்ரீ" என்று அவர்கள் சொன்னதைக் கிளறியபோது, தியேட்டருக்கும் மயக்க மருந்துக்கும் தனியாகக் கட்ட வேண்டும் என்று வந்தது. எழுதிக் கேட்டதும் ரிசப்ஷன் பெண்ணின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. அரசு ஆஸ்பத்திரியில் பிஜி படிப்பு முடித்துப் போய்விடுவார், யூனிட் இருக்கும், நம் கேஸ் சீட்டும் இருக்கும். இன்னொன்றும் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. எல்லோருக்கும் இலவசமாகச் செய்கிற ஆஸ்பத்திரி மேல் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது, 1995லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சிவில் கோர்ட் வழி இருக்கிறது, அது எத்தனை வருஷம் இழுக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

எனக்கு இருந்த பெரிய பயம் வேறு. கடலில்கூடக் கழற்றாதவன், ஓபியில் பத்துப் பதினைந்து மாணவர்கள் நடுவில் சட்டையைக் கழற்றுவானா? ஒரு வியாழக்கிழமை போனோம். கூட்டம் சுற்றி நின்றது. தம்பி பட்டனில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். அந்த மூன்றாம் வருஷ பிஜி அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, எல்லோரையும் வெளியே போகச் சொல்லி ஸ்கிரீனை இழுத்துவிட்டார். போட்டோ எடுக்கும் முன், முகம் வராது, வேண்டாம் என்றால் எடுக்க மாட்டேன் என்றார். எத்தனை பேருக்கு இதைச் செய்திருக்கிறீர்கள் என்று நான் கேட்டேன். "நானா செஞ்சது ஆறு. சார் கூட நின்னது நிறைய. உங்க தம்பிக்கும் சார் தியேட்டர்ல இருப்பாரு, இல்லன்னா தள்ளிப்போடுவோம்" என்றார். அண்ணா நகரில் இதே கேள்விக்கு "ஆயிரக்கணக்கில்" என்று பதில் வந்திருந்தது.

தம்பி அங்கேயே செய்துகொள்கிறேன் என்றுவிட்டான். தேதி கிடைத்து ஒருமுறை தள்ளியும் போயாயிற்று. அன்றைக்கு பிரஸ் மெஷினில் விரல் போன ஒருவர் வந்துவிட்டார், அவருக்கு முன்னால் இவன் சட்டைப் பிரச்சினை எந்த மூலைக்கு? அம்மா இன்னும் பேசவில்லை, ஆனால் ஆபரேஷனுக்கு அப்புறம் ஆறு வாரம் போட வேண்டிய இறுக்க பனியன் எம்.சி. ரோட்டில் கிடைக்குமா என்று நேற்று பக்கத்து வீட்டு அக்காவிடம் விசாரித்தாளாம்.