ஆண்கள் தயங்காமல் செல்லவேண்டிய உளநலப் பிரிவு

2009இல் போர் முடிந்த பின்னர் நித்திரையின்றி, காரணமின்றிச் சினந்து, பின்னேரங்களில் சாராயத்தை நாடிய என் அண்ணாவை, இலங்கையின் வன்னியிலுள்ள அரச வைத்தியசாலை ஒன்றின் உளநலப் பிரிவுக்கு அழைத்துச் சென்றேன். "எனக்கென்ன விசரே?" என்று வாசலிலேயே திரும்ப முயன்றவரிடம், உளவளத்துணையாளர் நோயைப் பற்றி ஒன்றும் கேளாமல், வயலுக்கு இம்முறை தண்ணீர் கிடைத்ததா என்று விசாரித்தார், இரணைமடுக் குளத்தைப் பற்றித் தொடங்கிய பேச்சு தடுப்பு முகாம் வரை சென்றது. சிகிச்சை இலவசம். சொன்னவை வெளியே போகவில்லை. எங்கள் ஊரில் அது பெரிய விடயம். ஆயினும், கிளினிக் காலையில் மட்டுமே நடப்பதால் நாட்கூலிக்காரர் அன்றைய சம்பளத்தை இழக்கிறார். காத்திருக்கும் வாங்கு வெளிநோயாளர் வரிசைக்கு எதிரே இருப்பதும் ஆண்களைக் கூச வைக்கிறது. இவ்விரண்டையும் நிர்வாகம் கட்டாயம் மாற்றவேண்டும். நேரில் வரமுடியாதவர்கள் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தை அழைக்கலாம்.